சமூக வானொலியில் கேஜன் ஃபிடில்: ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்த முழுமையான வழிகாட்டி

கேஜன் இசை என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு மொழி பேசும் கேஜன் மக்களின் நடன இசை. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது அக்கார்டியன்தான். 1928 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் ஜோ ஃபால்கனும் க்ளியோமா ப்ரோவும் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த 'அலோன் ஆ லாஃபயெட்' தான் இந்த இசையின் முதல் இசைத்தட்டு. அதில் அக்கார்டியன் உண்டு, கிட்டார் உண்டு, ஃபிடில் (நாட்டுப்புற நடனத்துக்கு வாசிக்கும் வயலின்) கிடையாது. அந்தத் தட்டு அமோகமாக விற்றது. அக்கார்டியனே இந்த இசையின் முகமாகிப்போனது. ஆனால் தென்மேற்கு லூசியானாவின் புல்வெளி ஊர்களில் அக்கார்டியன் பரவுவதற்குப் பல தலைமுறைகள் முன்பே வீட்டு நடனங்களை நடத்திக்கொண்டிருந்தது ஃபிடில்.

அமெரிக்காவில் ஏதோ ஒரு சமூக வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தால் இந்த இசையை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். விதிமுறைகள் எல்லாம் அமெரிக்காவுக்கு உரியவை. நிகழ்ச்சி நடத்த பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை, வயலின் வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அக்கார்டியனுக்குப் பின்னால் ஒலிக்கும் ஃபிடிலைக் கேட்பவர் காதுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

1. முதலில் உங்கள் காதைப் பழக்குங்கள்

ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை கேளுங்கள். முதல் முறை அக்கார்டியனை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை ஃபிடிலை மட்டும். மூன்றாம் முறை, பாடகர் வாயைத் திறந்ததும் ஃபிடில் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். சிலர் பாட்டின் மெட்டோடு ஒட்டியே போவார்கள். சிலர் மெட்டை விட்டுவிட்டு அடியில் தாளம் மட்டும் பிடிப்பார்கள். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மைக்கில் சொல்வதற்கு உங்களிடம் விஷயம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கேஜன் ஃபிடில்காரர் பெரும்பாலும் இரண்டு தந்திகளைச் சேர்த்தே வில்லை இழுப்பார். ஒன்றில் மெட்டு ஓடும், பக்கத்துத் தந்தி விடாமல் ரீங்கரிக்கும். மைக், ஸ்பீக்கர் இல்லாத காலத்தில் ஒரு வீடு நிறைய ஆடுபவர்களின் காலடிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்றால் அப்படி அழுத்தி வாசித்தாக வேண்டும். இரண்டு ஃபிடில்கள் சேர்ந்தால் ஒருவர் மெட்டை எடுத்துக்கொள்வார். மற்றவர் கீழ் ஸ்தாயியில் அதே மெட்டையோ, வெட்டி வெட்டி இழுக்கும் தாளத்தையோ தருவார். இந்த இரண்டாமவரைத்தான் புதிதாகக் கேட்பவர்கள் தவறவிடுகிறார்கள். அவரைக் காட்டிக்கொடுப்பதே தொகுப்பாளரின் முதல் வேலை.

சுருதி விஷயத்தையும் புரிந்துகொள்ளுங்கள். கேஜன் அக்கார்டியனில் ஒரே வரிசையில் 10 பொத்தான்கள். துருத்தியைத் தள்ளினால் ஒரு சுரம், அதே பொத்தானில் இழுத்தால் வேறு சுரம். ஒரு ஸ்கேலுக்காகவே செய்த வாத்தியம் அது, மேடையில் அதன் சுருதியை மாற்ற வழியில்லை. பெரும்பாலும் அது சி ஸ்கேலில் இருக்கும். எனவே ஃபிடில்தான் இறங்கிவர வேண்டும். வழக்கமான ஜி, டி, ஏ, ஈ தந்திகளை ஒவ்வொன்றும் ஒரு முழுச் சுரம் தளர்த்தி எஃப், சி, ஜி, டி என்று வைத்துக்கொள்வார்கள். பாடகரின் சுருதிக்கு வயலினை ச-ப-ச-ப என்று சேர்த்துக்கொள்ளும் கர்நாடகக் கச்சேரியைப் பார்த்த நமக்கு இது எளிதில் விளங்கும்; இங்கே பாடகரின் இடத்தில் அக்கார்டியன் உட்கார்ந்திருக்கிறது. தளர்ந்த தந்தியால் நாதம் கொஞ்சம் கனத்து, கரகரப்பாக வரும். அந்தக் கரகரப்பைப் பழைய தட்டின் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

2. கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துங்கள்

கதை 1755இல் தொடங்குகிறது. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசும் அகாடியர்களை ஆங்கிலேயர் வெளியேற்றினார்கள். பலர் பல இடங்களில் அலைந்து 1760களில் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பிரான்ஸில் ஒதுங்கியிருந்தவர்களில் சுமார் 1,600 பேர் 1785இல் ஏழு கப்பல்களில் வந்தார்கள். இவர்களின் வழிவந்தவர்களே கேஜன்கள். இதை ஒரு முறை, முதல் வாரத்தில், ஒரு நிமிடத்துக்குள் சொன்னால் போதும். வாராவாரம் நாடுகடத்தலில் இருந்து ஆரம்பிக்கும் தொகுப்பாளரை யாரும் தொடர்ந்து கேட்கமாட்டார்கள்.

உங்கள் சொந்தக் கேட்புக்கு 1929 நல்ல தொடக்கம். அந்த ஆண்டு டெனிஸ் மகீயும் சேடி கூர்வில்லும் இரண்டு ஃபிடில்கள் மட்டும் வைத்துப் பதிவு செய்தார்கள். அக்கார்டியன் இல்லாத இந்த இசை எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. 1893இல் பிறந்த மகீ 1989 வரை வாழ்ந்தார். அக்கார்டியனின் பத்துப் பொத்தான்களுக்குள் அடங்காமல் வழக்கொழிந்துபோன ரீல், கோந்த்ரதான்ஸ், மஸூர்கா போன்ற பழைய நடன மெட்டுகளை முதுமையிலும் நினைவிலிருந்து வாசித்தவர்.

அதே மகீ அதே 1929இல் அமேதே ஆர்த்வாங் என்ற க்ரியோல், அதாவது லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கருப்பினச் சமூகத்தைச் சேர்ந்த, அக்கார்டியன் கலைஞரோடு உட்கார்ந்தும் பதிவு செய்தார். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த ஊரில் ஒரு வெள்ளையரும் ஒரு கருப்பரும் சேர்ந்து நடனங்களுக்கு வாசித்தார்கள். இன்று கேஜன் கலைஞர்கள் பாடும் பாட்டுகளில் ஒரு பெரும் பகுதி ஆர்த்வாங் வழியாக வந்தது. வியர்வை துடைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கைக்குட்டை கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டதற்காக அவரை அடித்து நொறுக்கினார்கள் என்பது அந்த வட்டாரத்தில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி. 1942இல் பைன்வில்லில் இருந்த அரசு மனநல மருத்துவமனையில் இறந்தார். நிகழ்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது இதை மனதில் வையுங்கள். வெள்ளைக்கார கேஜன் இசைக்கு ஒரு பெட்டி, க்ரியோல் இசைக்கு இன்னொரு பெட்டி என்று பிரித்து வைத்தால் வரலாற்றைப் பாதியாக வெட்டியதாகும். என்னைக் கேட்டால் பெயரிலேயே க்ரியோல் என்ற சொல் இருக்கட்டும்.

1930களின் நடுவில் எண்ணெய்க் கிணறுகளும் நெடுஞ்சாலைகளும் பெருகின, கூடவே டெக்ஸஸ் பாணி ஸ்விங் என்ற நடன இசை வந்தது. அக்கார்டியன் ஒதுங்கியது, ஃபிடில் மறுபடி முன்னுக்கு வந்தது. ஹாக்பெரி ராம்ப்ளர்ஸ் குழுவின் லூடரின் டார்போன் மின்சாரம் இல்லாத நடனக் கூடங்களில் தன் ஃபோர்டு காரின் எஞ்சினை ஓடவிட்டு, அதிலிருந்து ஒலிபெருக்கிக்கு மின்சாரம் எடுத்தார். ஒலிபெருக்கி வந்ததும் ஃபிடில்காரர்கள் அழுத்தி வாசிக்க வேண்டிய கட்டாயம் போனது, வில் லேசானது. 1929 பதிவு ஒன்றையும் 1936 வாக்கிலான பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டால் இந்த மாற்றம் யாருக்கும் விளக்கம் இல்லாமலே கேட்கும். 1946இல் ஃபிடில் கலைஞர் ஹாரி ஷோட்ஸ் பதிவு செய்த 'ஜோல் ப்ளோன்' நாடு முழுவதும் ஓடியது. இரண்டே ஆண்டுகளில், 1948இல், ஐரி லஜூன் அக்கார்டியனோடு வந்து காற்றைத் திருப்பிவிட்டார்.

1921இல் லூசியானா அரசியல் சட்டம் ஆங்கிலத்தைப் பள்ளியின் மொழியாக்கியது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. அந்த மொழியில் பாடும் இசையையும் வெட்கத்துக்குரியதாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. 1964இல் நியூபோர்ட் நாட்டுப்புற விழாவுக்குச் சென்ற மூவரில் டூயி பால்ஃபாவும் ஒருவர். அவர் போனது கடைசி நேர மாற்று ஆளாக, அதுவும் கிட்டார் வாசிக்க. பெருங்கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்துத் திரும்பியவர், அந்தக் கைதட்டல் சொந்த ஊரிலும் கேட்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க உழைத்தார். அவரும் அவருடைய அண்ணன் வில்லும் சேர்ந்து வாசித்த இரட்டை ஃபிடில் பதிவுகள் உங்கள் நிகழ்ச்சியின் முதுகெலும்பாக இருக்கும். 1974இல் லாஃபயெட்டில் கேஜன் இசைக்கு மரியாதை செய்ய நடந்த பெரிய கச்சேரியும், 1975இல் மைக்கேல் டூசே தொடங்கிய போசொலேய் குழுவும் இந்த வரிசையில் அடுத்தவை.

கான்ரே ஃபோன்டனோவுக்குத் தனியாக ஒரு வாரம் கொடுங்கள். இந்த க்ரியோல் ஃபிடில் கலைஞர் சிறுவயதில் சுருட்டுப் பெட்டியில் ஃபிடில் செய்து, வலைக்கதவின் கம்பியை உருவித் தந்தியாகக் கட்டிப் பழகியவர். வளர்ந்த பிறகு தீவனக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தார். ப்ளூஸின் வளைவும் மூன்று அடித் தாள நடனமான வால்ட்ஸின் ஆட்டமும் ஒரே வில்லில் வருவதை அவரிடம்தான் கேட்க முடியும்.

3. நிலையத்தை அணுகுங்கள்

2000இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 100 வாட் சிறு எஃப்.எம். நிலையங்களுக்கு அனுமதி தரத் தொடங்கியது. அவற்றின் எல்லை சுமார் 5.6 கிலோமீட்டர். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருக்கலாம், அல்லது பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெரிய நிலையம் இருக்கலாம். எதுவானாலும் தன்னார்வலர் பயிற்சியில் இருந்துதான் தொடங்கும். நேரடியாகப் போய் "எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும்" என்று கேட்காதீர்கள். இன்னொருவரின் நிகழ்ச்சியில் சில வாரம் மிக்ஸர் பார்த்துக்கொள்ளுங்கள், விடுமுறையில் போகிறவர்களுக்குப் பதிலாக உட்காருங்கள்.

மாதிரிப் பதிவு கேட்பார்கள். முழு மணி நேரம் அனுப்ப வேண்டாம், 15 நிமிடம் போதும்: மூன்று பாட்டு, இரண்டு இடங்களில் பேச்சு. நிகழ்ச்சி இயக்குநர் பாட்டைக் கேட்கமாட்டார். நீங்கள் பாட்டிலிருந்து பேச்சுக்கு எப்படி வருகிறீர்கள், எப்போது வாயை மூடுகிறீர்கள் என்றுதான் பார்ப்பார்.

எந்த நேரம் கேட்பது? சனிக்கிழமை காலை கிடைத்தால் விடாதீர்கள். மமூ ஊரில் ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் என்ற சிறிய மதுக்கூடத்திலிருந்து 1960களில் தொடங்கிய நேரடி ஒலிபரப்பு சனிக்கிழமை காலையில்தான் நடந்தது. காலையிலேயே குடித்து ஆடும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே அறிவிப்பாளர் பிரெஞ்சில் விளம்பரம் வாசித்தார். யூனிஸ் ஊரின் லிபர்ட்டி திரையரங்கில் 1987 முதல் சனிக்கிழமை மாலை ஒலிபரப்பு நடந்தது. லாஃபயெட்டின் கே.ஆர்.வி.எஸ். 88.7, நியூ ஆர்லியன்ஸில் 1980 டிசம்பரில் தொடங்கி இன்றும் தன்னார்வத் தொகுப்பாளர்களால் ஓடும் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இஸட். 90.7 ஆகிய இரண்டு நிலையங்களையும் இணையத்தில் சில வாரம் கேளுங்கள். அவர்களைப் போலச் செய்ய அல்ல. அவர்கள் எதை விளக்காமல் விடுகிறார்கள் என்று பார்க்க. உள்ளூர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லாத இடங்களில்தான் உங்கள் ஊர் நேயருக்கு ஒரு வாக்கியம் தேவைப்படும்.

4. இசையைத் திரட்டுங்கள்

ஆன்லைன் ஸ்ட்ரீமிங் சேவையில் தேடிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். தனிநபர் சந்தாவில் இருந்து வானொலியில் ஒலிபரப்ப அனுமதி கிடையாது. தவிர, அங்கே யார் எந்த வாத்தியம் என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்காது. நமக்கு வேண்டியதே அந்தக் குறிப்புதான்.

ஆர்ஹூலி இசைத்தட்டு நிறுவனத்தின் தொகுப்புகளில் இருந்து தொடங்குங்கள். க்ரிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் 1960இல் தொடங்கிய நிறுவனம் அது, 2016இல் ஸ்மித்ஸோனியன் ஃபோக்வேஸுக்குப் போனது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 ஆர்.பி.எம். தட்டுகளின் மறுவெளியீடுகளோடு வரும் சிறு நூல்களில் யார் வாசித்தார், எங்கே, எந்த ஆண்டு என்று இருக்கும். வில் ப்ளாட் ஊரின் ஸ்வாலோ ரெக்கார்ட்ஸ், லேக் சார்ல்ஸின் கோல்ட்பேண்ட் ஆகியவற்றின் வெளியீடுகள் 1950களுக்குப் பிந்தைய நடனக்கூட இசைக்கு நல்ல இடம். 1934இல் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்த ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் லூசியானாவில் களப்பதிவு செய்தவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் க்ரௌலி ஊரில் வெய்ன் பெர்ரி தனியாக ஃபிடில் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். கூடத் துணை எதுவும் இல்லாததால் வில்லின் ஒவ்வொரு திருப்பமும் தெரியும்.

இன்றைய கலைஞர்களின் ஆல்பங்களை அவர்களிடமே வாங்குங்கள். பெரும்பாலும் சொந்தமாக வெளியிடுபவர்கள். மின்னஞ்சலில் "வானொலியில் போடப் போகிறேன், இரண்டாவது ஃபிடில் யார்?" என்று கேட்டால் பதில் மட்டும் வராது, வெளிவராத பதிவு ஒன்றும் கூடவே வர வாய்ப்பு உண்டு.

5. பெயர்களைச் சரியாகச் சொல்லுங்கள்

இந்த இசையில் தொகுப்பாளரின் மானம் போவது பெயர்களில்தான். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து வாசித்தால் பாதிப் பெயர் தவறாகிவிடும். 'சாய்லியூ' என்று வாசிக்கத் தோன்றுவது ஸ்வாலோ; ஃப்ளாய்ட் ஸ்வாலோ தன் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பெயர் வைத்ததே அந்த உச்சரிப்பில்தான். 'திபோடியாக்ஸ்' இல்லை, திபடோ. 'ஃபான்டநாட்' இல்லை, ஃபோன்டனோ. 'டூசெட்' இல்லை, டூசே. யூனிஸில் அக்கார்டியன் செய்யும் மார்க்கின் குடும்பப் பெயரை லண்டன் ஹோட்டல் போல 'சவாய்' என்று சொல்லாதீர்கள், அது சவ்வா.

இதில் நமக்கு ஒரு வசதி: கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நேர்காணல் பதிவுகளில் கலைஞரே தன் பெயரைச் சொல்லும் இடத்தைக் கேட்டு, காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

6. ஒரு மணி நேரத்தை அடுக்குங்கள்

78 தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் ஓடும். புதிய பதிவுகள் 4 நிமிடம் வரை போகும். பேச்சோடு சேர்த்தால் மணிக்கு 13 அல்லது 14 பாட்டுகள். அவற்றை நான்கு கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டிலும் மூன்று நான்கு பாட்டு, பிறகு பேச்சு. ஒவ்வொரு பாட்டுக்கும் பேசினால் ஆட நினைப்பவருக்கு எரிச்சல் வரும். கட்டு முடியும்வரை பேசாமலே இருந்தால் முதல் பாட்டு என்ன என்பதே மறந்துவிடும், அதனால் பேசும்போது கடைசிப் பாட்டிலிருந்து பின்னோக்கிச் சொல்லுங்கள். நேயரின் காதில் மிச்சமிருப்பது கடைசியாகக் கேட்டதுதான்.

வேகத்தை மாற்றுவது எளிது. இந்த இசையில் வால்ட்ஸும், வேகமான இரண்டு அடித் தாள நடனமான டூ-ஸ்டெப்பும் மாறி மாறி வருவதே நடனக்கூட வழக்கம். மூன்று வால்ட்ஸ் தொடர்ந்து போட்டால் வண்டி நின்றுவிடும்.

ஒரு மாதிரிக் கட்டைச் சொல்கிறேன். முதலில் அக்கார்டியன் முன்னால் நிற்கும் பழக்கமான டூ-ஸ்டெப் ஒன்று. அடுத்து அதே மெட்டை இரண்டு ஃபிடில்கள் மட்டும் வாசிக்கும் பதிவு. மூன்றாவதாக ஒரு வால்ட்ஸ், க்ரியோல் கலைஞருடையது. அது முடிந்து மைக்கைத் திறந்ததும் மூன்றே வாக்கியம்: யார் வாசித்தது, எந்த ஊர், எந்த ஆண்டு, இரண்டாவது ஃபிடில் எங்கே ஒளிந்திருந்தது, பாட்டு எதைப் பற்றியது. பாட்டின் மொழிபெயர்ப்பை வரிவரியாக வாசிக்க வேண்டாம். "விட்டுப் போனவளை நினைத்து அழுகிறான், அவள் வீட்டுக்காரர்கள்தான் காரணம் என்கிறான்" என்கிற அளவுக்குச் சொன்னால் போதும். பாதிக்கு மேற்பட்ட வால்ட்ஸ்களுக்கு இதே கதைதான் என்பதை நேயர் இரண்டாவது மாதத்தில் தானே கண்டுபிடிப்பார், அதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

வாசித்தவரின் பிழைப்பையும் ஒரு வரியில் சேருங்கள். டூயி பால்ஃபா பள்ளிப் பேருந்து ஓட்டினார். பாரம்பரிய ஃபிடில் உலகமே இப்படித்தான்: கனடாவின் கியூபெக் மாகாணத்து மாண்ட்ரியாலின் ஜான் காரிஞான் டாக்சி ஓட்டினார், அதே கனடாவின் கேப் ப்ரெட்டன் தீவின் பட்டி மெக்மாஸ்டர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தார், வட கரோலினாவின் டாமி ஜாரல் சாலை போடும் இயந்திரம் ஓட்டினார். இந்த மூவரையும் சும்மா சொல்லவில்லை. மூன்றாவது கட்டில் ஓர் அண்டை வீட்டு ஃபிடிலை நுழைக்கலாம். கியூபெக் பதிவில் உட்கார்ந்தபடி காலால் தட்டும் தாளம், கேப் ப்ரெட்டனில் பியானோ துணை, அப்பலேச்சிய மலையில் தந்திகளை வேறு வேறு விதமாகச் சேர்க்கும் முறை என ஒவ்வொன்றும் கேஜன் வில்லின் தனித்தன்மையை இன்னும் துலக்கிக் காட்டும். வாரத்துக்கு ஒன்று போதும், அதற்கு மேல் போனால் நிகழ்ச்சி உலகச் சுற்றுலாவாகிவிடும்.

மணி மாறும்போது நிலையத்தின் அழைப்பெழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரையும் சொல்லியாக வேண்டும், அது சட்டம். பாட்டு நடுவில் மாட்டிக்கொள்ளாதபடி 58ஆவது நிமிடத்துக்குள் கடைசிப் பாட்டு முடியுமாறு கணக்குப் போடுங்கள்.

7. பழைய தட்டுகளை ஒலிபரப்புக்குத் தயார் செய்யுங்கள்

1929 பதிவு ஹெட்போனில் அழகாக இருக்கும், காற்றில் போனதும் சீறலாக மாறும். ஒலியளவைச் சமன்படுத்தும் கருவியான நிலையத்தின் கம்ப்ரஸர்தான் காரணம். சத்தம் குறைந்த இடங்களை அது தூக்கிவிடும், தட்டின் இரைச்சலும் சேர்ந்து எழும். அதனால் கடைசிச் சுரம் ஓய்ந்ததும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை உடனே இறக்குங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் சுழலும் மேசையின் உறுமல் போய்விடும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள். ஃபிடிலின் மேல் நாதமும் தட்டின் சீறலும் ஒரே அலைவரிசைப் பகுதியில் இருப்பதால், சீறலை முழுக்கத் துடைத்தால் ஃபிடில் தண்ணீருக்கடியில் வாசிப்பது போல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

78 தட்டை நீங்களே டிஜிட்டலாக மாற்றினால் மோனோவாக எடுங்கள். ஸ்டீரியோவாக எடுத்தால் பள்ளத்தின் செங்குத்து இரைச்சலும் வரும். பழைய தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78 சுற்றில் பதிவானவை அல்ல, அதனால் சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கலாம். இரண்டு வெவ்வேறு மறுவெளியீடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நிச்சயம் இல்லையென்றால் வேகத்தில் கைவைக்காதீர்கள்.

புதிய பதிவுக்கும் பழைய பதிவுக்கும் ஒலியளவு வித்தியாசம் அதிகம் இருக்கும். முன்பதிவு நிகழ்ச்சியானால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பொது வானொலி விநியோகத்தில் மைனஸ் 24 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலியளவின் அலகு) என்பது வழக்கமான குறி.

8. உரிமைகள்

அமெரிக்காவில் சாதாரண வானொலி அலையில் பாட்டுப் போட்டால் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் ராயல்டி போகும், அதை நிலையமே பார்த்துக்கொள்ளும். பதிவில் வாசித்த கலைஞருக்கு எதுவும் போகாது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது, ஆனால் சட்டம் அப்படி. இணையத்தில் ஸ்ட்ரீம் ஆகும்போதுதான் ராயல்டியைத் திரட்டும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு வழியாகக் கலைஞருக்கும் பணம் போகிறது. அதனால் பாட்டின் பெயர், கலைஞர், ஆல்பம், வெளியீட்டு நிறுவனம் எல்லாவற்றையும் பதிவேட்டில் சரியாக நிரப்புங்கள். சோம்பேறித்தனமாக 'பாரம்பரியம்' என்று மட்டும் போட்டால் யாரோ ஒருவருடைய காசோலை குறைகிறது.

ஸ்ட்ரீமிங்குக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்தில் இருந்து 3 பாட்டுக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ந்து 2க்கு மேல் கூடாது. ஒரே கலைஞர் அல்லது ஒரே தொகுப்புப் பெட்டி என்றால் 4, தொடர்ந்து 3. "இன்று மணி முழுக்க பால்ஃபா சகோதரர்கள்" என்று அறிவிக்க ஆசை வரும். இந்த வரம்பு அதைத் தடுக்கும். அஞ்சலி நிகழ்ச்சி செய்ய வேண்டுமானால் அவர்களிடம் கற்றவர்கள், அவர்களோடு வாசித்தவர்கள், அதே மெட்டை முன்பு பதிவு செய்தவர்கள் என்று விரியுங்கள். பெரும்பாலும் அதுவே சுவையான நிகழ்ச்சியாக அமையும். எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே பட்டியல் வெளியிடுவதும் கூடாது. நிகழ்ச்சியைப் பிறகு கேட்க இணையத்தில் வைப்பதற்குத் தனி விதிகள் உள்ளன, நிலையத்தைக் கேட்காமல் நீங்களாக எங்கும் ஏற்றாதீர்கள்.

2018 சட்டத்தின்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டுப் பாதுகாப்பு. ஆக, 1928இன் முதல் கேஜன் தட்டு 2029 ஜனவரி 1 அன்று பதிப்புரிமை நீங்கிப் பொதுச் சொத்தாகும். மகீ, கூர்வில், ஆர்த்வாங் ஆகியோரின் தட்டுகளில் 1929இல் வெளியானவை அதற்கடுத்த புத்தாண்டில். நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நல்ல நிகழ்ச்சிக்கான சாக்கு.

9. ஸ்டுடியோவில் நேரடி வாசிப்பு

ஊருக்கு ஒரு குழு வருகிறது என்றால் மாலைக் கச்சேரிக்கு முன் ஸ்டுடியோவுக்கு அழையுங்கள். அக்கார்டியன் என்ன ஸ்கேல், எத்தனை பேர், பாடுபவர் யார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அரை மணி முன்னதாக வரச் சொல்லுங்கள், ஏனென்றால் வெளி வெயிலில் இருந்து ஏ.சி. அறைக்குள் வந்த ஃபிடில் நிதானத்துக்கு வர நேரம் பிடிக்கும்.

சிறிய அறையில் அக்கார்டியன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அக்கார்டியன்காரரைப் பக்கவாட்டில், ஃபிடில் மைக்கின் முதுகுப்புறம் வரும்படி உட்கார வையுங்கள். ஃபிடிலுக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் ஒரு மைக், வில் போய் இடிக்காத கோணத்தில். நெருக்கி வைத்தால் வில் உரசல் மட்டும் கேட்கும், தூக்கி வைத்தால் அக்கார்டியன் புகுந்துவிடும். இரண்டு ஃபிடில் என்றால் இரண்டு மைக், இரண்டாமவரைக் கொஞ்சம் தூக்கலாகவே வையுங்கள்.

அடுத்து 'தீ-ஃபேர்' என்கிற இரும்பு முக்கோணம். பழைய வைக்கோல் வாரியின் பற்களை வளைத்துச் செய்த கனமான பொருள். பார்க்கச் சாதுவாக இருக்கும், ஒலிபரப்பில் பெரிய வில்லன் அதுதான். அதன் ஒவ்வொரு தட்டுக்கும் நிலையத்தின் கம்ப்ரஸர் முழு ஒலியையும் கீழே அமுக்கும். ஃபிடில் விட்டு விட்டுக் கேட்கும். வாசிப்பவரை இரண்டு மூன்று மீட்டர் பின்னால் நிறுத்துங்கள், தனி மைக் வேண்டவே வேண்டாம். காலால் தட்டும் தாளம் பிடித்திருந்தால் தரையை அப்படியே விடுங்கள், அதிர்வு மைக் ஸ்டாண்டில் ஏறினால் ஒரு கம்பளத்தை விரியுங்கள்.

பேட்டியில் "கேஜன் இசை என்றால் என்ன?" என்று கேட்காதீர்கள், ஆயிரம் முறை சொன்ன பதிலே வரும். "இந்த மெட்டை யாரிடம் கற்றீர்கள்? அவர் இதை எந்தப் பெயரில் சொன்னார்?" என்று கேளுங்கள். ஒரே மெட்டுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். எல்லாப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெதுவாக ஒரு முறை, துணையில்லாமல், இரண்டாவது ஃபிடில் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து. அந்த ஒரு நிமிடம் உங்கள் பத்து வார விளக்கத்தைவிட அதிகம் சொல்லிவிடும்.

தொலைபேசியில் பேசுபவரை ஒலிபரப்பும் முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. மாலைக் கச்சேரியைப் பற்றி அறிவிக்கும்போதும் கவனம் தேவை. வணிக நோக்கமற்ற நிலையத்தில் ஆதரவாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு விலை சொல்லி "வாருங்கள், வாங்குங்கள்" என்று அழைக்கக் கூடாது. இடம், நேரம், யார் வாசிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னால் வம்பில்லை.

10. முடிந்த பிறகு

பாட்டுப் பட்டியலை அன்றே நிலையத்தின் தளத்தில் ஏற்றுங்கள், வாத்தியம் வாசித்தவர்களின் பெயரோடு. நேரடியாக வாசித்த குழுவுக்குப் பதிவின் நகலை ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். பல குழுக்களிடம் தங்கள் வாசிப்பின் நல்ல பதிவு இருக்காது. நிலையத்தின் சேமிப்பிலும் ஒரு பிரதி வைத்து, தேதி, ஊர், மெட்டின் பெயர்கள், அக்கார்டியனின் ஸ்கேல், ஃபிடில் எப்படிச் சேர்க்கப்பட்டது என்று எழுதிவையுங்கள்.

அடுத்த தொகுப்பாளர் தாமதமாக வரும் நாளும் வரும். அதற்காக ஏழெட்டு நிமிட நேரடி நடனக்கூடப் பதிவு ஒன்றைக் கையில் தயாராக வைத்திருங்கள். ஃபிடில் தொடங்கும் பதிவாக இருக்கட்டும்.